நாற்பத்தோரு லோடு வண்டல்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வருவதற்குள் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் இருபத்தாறை எண்ணினேன். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தவை நான்கு. மீதி இருபத்திரண்டும் பின்னால் வருகிறவன் கண்ணில் தூசியைக் கொட்டிக்கொண்டே போயின. கிருஷ்ணகிரிப் பக்கம் கனிமச் சோதனைச் சாவடியில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து லாரி எண்ணியவன் நான். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. கண் எண்ணுவதை நிறுத்தவில்லை. வயிறு எரிவதும் நிற்கவில்லை.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் என் மகள் தேன்மொழி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் கத்தாரில் இருக்கிறார். இங்கே புது வீடு எழும்புகிறது. சமையல் மேடைக்குக் கிரானைட் தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் வந்தால்தான் ஆகும் என்று மகள் மூன்று முறை போன் செய்தாள். கிளம்பும்போது என் மனைவி சொன்னது ஒன்றுதான்: "பொண்ணு வாழற வீடு. எண்ணுங்க, எழுதுங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க."

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறை முகத்தில் மோதும். இங்கே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி நெடுகத் தேடினேன், ஒரு குன்று இல்லை. ஒரு கைப்பிடி கூழாங்கல்கூட மண்ணில் கிடக்கவில்லை. பச்சை, அதற்கப்பால் பச்சை, நடுவில் வாய்க்கால். இவ்வளவு பெரிய கோயில்களை எந்த ஊர்க் கல்லை இழுத்து வந்து கட்டினார்கள் என்று நினைத்தால் மலைப்பு வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் இவர்கள் கழிவறை கட்ட வேண்டுமென்றாலும் எங்கேயோ ஒரு மலை உடைய வேண்டும்.

கும்பகோணத்தில் காப்பி குடிக்க இறங்கினேன். பித்தளை டபரா படம் போட்டு, நாங்களே அசல் என்று சொல்லும் பலகைகள் ஒரே தெருவில் பதினேழு. பதினேழில் ஒன்றுதான் அசலாக இருக்க முடியும். நான் நுழைந்தது மீதி பதினாறில் ஒன்று.

அங்கிருந்து கிளம்பிய பேருந்து அரை மணியில் நின்றுவிட்டது. முன்னால் போன டிப்பரின் பின்கதவு திறந்து, சாலையின் பாதி அகலத்துக்கு ஜல்லி கொட்டிக் கிடந்தது. முக்கால் அங்குல ஜல்லி, நல்ல நீலம், தூள் கலக்காதது. இறங்கிப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டிரைவர் தலையில் கைவைத்து நின்றான்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. கூடை, சாக்கு, பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின் என்று இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். "மலையே எறங்கி வந்திருக்கு, அள்ளுங்க மாமா!" என்றார் ஒருவர். "ரெண்டு கூடை வாசல்ல போட்டா மழைக்குச் சேறு மிதிக்க வேணாம்" என்றாள் ஒரு பெண். டிரைவர் கெஞ்சினான்: "யக்கா, கணக்கு கேப்பாங்க." "எறஞ்சதுக்கு என்னய்யா கணக்கு? ரோட்டுல நெல்லு எறஞ்சா நாங்க கணக்கா கேட்டோம்?" என்றாள் அவள்.

எங்கள் ஊரில் ஜல்லி கொட்டினால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போவார்கள். இங்கே முப்பத்திரண்டு கூடை போனதை நானே எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் சாலை பெருக்கி விட்டதுபோல் ஆகிவிட்டது. "எண்ணுனது போதும் பெரியவரே, ஏறுங்க!" என்று கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

சம்பந்தி கோவிந்தசாமி பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஆறு வேலி, ஏறக்குறைய நாற்பது ஏக்கர் நிலத்தை ஒரு குழிகூட விற்காமல் காப்பாற்றி வைத்திருக்கும் மனிதர். என் பையைக் கேட்காமலேயே பிடுங்கிக்கொண்டார். "வாங்க சம்பந்தி, வாங்க. எளைச்சுட்டீங்களே! அந்த ராகிக் களிய விட்டுட்டு நாலு நாள் நம்ம வயல் சோறு சாப்பிடுங்க, பாருங்க." விரால் குழம்பும் வாழைப்பூப் பொரியலும் இலையில் விழுந்தன. சோறு பூ மாதிரி இருந்தது, அதைப் பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் அது எந்த வயலில் விளைந்தது என்று அவர் விளக்குவதைக் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, புது வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். பழைய வீட்டுக்குப் பக்கத்து மனைதான். நீளம் நாற்பது அடி, அகலம் முப்பது, பேஸ்மட்டம் மூன்றடி உயரம். சுற்றுச்சுவர் நேர்த்தியாக எழும்பியிருந்தது. கம்பி நல்ல கம்பி, செங்கல் நன்றாக வெந்தது, தட்டினால் மணி அடித்தது. குறை சொல்ல ஒன்றுமில்லையே என்று எனக்கே ஏமாற்றம். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பேஸ்மட்டம் முழுக்கக் கறுப்பு மண். கட்டி கட்டியாக, ஓரம் நீலம் பாய்ந்து, வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளை எண்ணினேன், இருபத்து மூன்று. ஒன்றில் என் இரண்டு விரல் போனது. பட்டென்று உடம்பெல்லாம் சூடேறிவிட்டது.

"இது என்ன மண்ணுங்க?" என்று கேட்டேன். குரலை அமுக்கித்தான் கேட்டேன்.

"நம்ம கொளத்து வண்டல், சம்பந்தி!" என்றார், பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்லுகிறவர்போல. "கொளம் தூர் வாருனாங்க. வயலுக்கு எடுத்துக்குங்கன்னு வி.ஏ.ஓ. சீட்டு குடுத்தாரு. எங்க பக்கம் வீடு கட்டுனா சொந்த நெலத்து மண்ணு ஒரு கூடை ஈசானிய மூலையில போடுவோம், அது வழக்கம். கூடை போட்டேன். பொறவு யோசிச்சேன், ஒரு கூடை போடுற எடத்துல முழுசுமே நம்ம மண்ணா இருந்தா என்னன்னு. நாப்பத்தோரு லோடு! வெள்ளிக்கெழம காலைல ஆறுலேந்து ஏழரை நல்ல நேரம், மேல காங்கிரீட் போட்டு மூடிட வேண்டியதுதான்."

வண்டல் என்பது தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழைக்குத் தரையைத் தூக்கும், சித்திரை வெயிலுக்குக் கீழே விடும். இரண்டு வருடத்தில் டைல்ஸ் பல் விழுந்த மாதிரி பெயரும்; சுவர் மூலைக்கு மூலை கீறல் விடும். கோடையில் இவர்கள் வயலே கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள். அந்த மண்ணைக் கொண்டுவந்து வீட்டுக்கடியில் போட இவர்களால்தான் முடியும். நெல் விளைகிற மண் எதற்கும் ஆகும் என்ற நினைப்பு. என் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

சம்பந்தி பால் ஊற்றுகிற இடத்துக்குப் போனதும் மேஸ்திரியைப் பிடித்தேன். ராஜேந்திரன் என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில்.

"இந்த மண்ணு ஊதும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்னங்கய்யா. இருவது வீடு கட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? அவரு பொன்னு மாதிரி கொண்டாந்து கொட்டுறாரு. கிராவல் அடிக்கலாமுங்கன்னு ஒரு வார்த்த சொன்னேன். 'ஏன்டா, எம் மண்ணு ஒனக்கு நாறுதா'ன்னு கேட்டாரு. அடுத்த வீடு எனக்கு வேணாமாங்கய்யா?"

இருபது வீடு கட்டியவனுக்கு இருபத்தோராவது வீடுதான் முக்கியம். திட்டினேன். அவர் பென்சிலை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மருமகனுக்குப் போன் செய்தேன். கத்தாரில் அவர் இருபது மாடிக் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிறவர். அவருக்குத் தெரியாத விஷயமா? "அப்பா பாத்துக்குவாரு மாமா. அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றார். பாலைவனத்தில் அடுத்தவன் கட்டடத்துக்கு அங்குலம் அங்குலமாக மண் சோதிக்கிறார்கள், சொந்த வீட்டுக்கு அப்பா பார்த்துக்கொள்வாராம்.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தேன்மொழி தனியாக இருந்தாள். கிரானைட் கடைக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கிரானைட்டெல்லாம் நான் போன்லயே பாத்துட்டேன்பா. அந்த மண்ணப் பாத்தீங்கல்ல? அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"எனக்கு என்ன வேல அதுல?"

"நான் மூணு தடவ சொல்லிட்டேன். மாமா சிரிக்கிறாரு. ஒனக்கு மண்ணப் பத்தி என்னம்மா தெரியும், நீ பாறையில பொறந்த பொண்ணுங்கிறாரு. அத்தை, சும்மா இருங்கிறாங்க. அதுக்கு மேல நான் சத்தம் போட முடியாது. நீங்க போடுவீங்க. நம்ம ஊர்ல பஸ்ஸு, பேங்க்கு, ரேஷன் கடை, எங்க போனாலும் போடுவீங்கல்ல."

நான் என்ன மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற ஜேசிபியா? வாயைத் திறக்காதே என்று ஒருத்தி அனுப்புகிறாள், திறக்கத்தான் கூப்பிட்டேன் என்கிறாள் இன்னொருத்தி. சத்தம் போட்டுவிட்டு நான் பேருந்து ஏறிவிடுவேன். மறுநாள் காலையில் அந்த வீட்டில் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டியவள் இவள். அதைச் சொன்னேன். "காப்பிய நான் பாத்துக்கறேன், தரைய நீங்க பாருங்க" என்றாள்.

புதன்கிழமை மயிலாடுதுறைக்குப் போனேன். சத்தம் போடாமல் முடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். சாவடிக்கு வரும் மண் ஆய்வுக்காரர்கள் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே அளவு காய்ந்த மண்தூளை இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுவது. மண்ணெண்ணெயில் மண் ஊதாது, தண்ணீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மண்ணின் குணம்.

மண்ணெண்ணெய் கிடைக்க நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் ஜல்லி, எம்-சாண்ட், கம்பி விற்கிற ஒரு பாய் கடையில், பெயிண்ட் பிரஷ் கழுவ வைத்திருந்ததில் ஒரு குவார்ட்டர் பாட்டில் கொடுத்தார். எதற்கென்று கேட்டார், சொன்னேன்.

"யாரு, கோவிந்தசாமி அண்ணனா? வம்பாப் போச்சே!" என்று சிரித்தார். "எங்கிட்டயே கிராவல் நாப்பது லோடு வெலை பேசிட்டு, பொறவு வேணாம்னாரு. எம் மண்ணு இருக்க ஒன் மண்ணு எதுக்கு பாய்னாரு. அது மண்ணு இல்லீங்க, அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி. சொந்தக்காரன வீட்டுல வேணாம்னு யாரு சொல்லுவா?"

திரும்பி வரும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். பதினோரு நிறுத்தம். ஒருவரும் எழுந்து இடம் தரவில்லை. பாட்டில் ஒழுகி வேட்டியெல்லாம் மண்ணெண்ணெய் வாடை, பக்கத்தில் நின்றவர், "பெரியவர் ஏதும் முடிவோட வந்திருக்காரா?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

மதியம் மூன்று மணிக்கு டம்ளர்களை ஜன்னலில் வைத்தேன். இரண்டிலும் மண்ணின் மட்டத்துக்குப் பேனாவால் கோடு. வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், மண்ணெண்ணெய் டம்ளரில் மண் கோட்டிலேயே கிடந்தது. தண்ணீர் டம்ளரில் இரண்டு மடங்கு எழும்பி நின்றது. ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு சம்பந்தியைக் கூப்பிட்டேன். சம்பந்தி அம்மா, தேன்மொழி, மேஸ்திரி எல்லாரும் வந்து நின்றார்கள்.

சம்பந்தி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மண்ணா?"

"ஒரே மண்ணுதாங்க. நேத்து ரெண்டும் இந்தக் கோட்டுல இருந்தது."

அவர் முகம் மலர்ந்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாத்தியா ராஜேந்திரா? ஒரே நாள்ல டபுளாயிருக்கு! தண்ணியக் குடிச்சுட்டு எப்படி நிக்குது பாரு. இதாண்டா உசுருள்ள மண்ணு. சம்பந்தி, இத நீங்க எங்க ஊர் விவசாய ஆபீசுல காட்டணும்!"

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். நான் மூன்று நாளாகக் கடித்த பல்லை விட்டுவிட்டேன்.

"உசுருள்ள மண்தான், ஒத்துக்கறேன்! உசுருள்ளது அசையும்ங்க! அசையறது மேல என் பொண்ணு எப்படிங்க குடித்தனம் பண்ணுவா? எங்க ஊருக் கல்லு கப்பல் ஏறிப் போகுது. எனக்கும் பெருமைதான். அதுக்காக நாப்பத்தோரு லோடு முக்கா இன்ச் ஜல்லி கொண்டாந்து உங்க நடவு வயல்ல கொட்டறேன். நல்ல கல்லு, காசு வேணாம், சும்மா தர்றேன். கொட்டட்டுமா? சொல்லுங்க, நாளைக்கே லாரி அனுப்பறேன், கொட்டட்டுமா?"

தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். சம்பந்தி அம்மா உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலக் காப்பி எனக்கு வரவில்லை. நான் பையைக் கட்டி வைத்தேன். தேன்மொழி என் பக்கமே வரவில்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கேட்டதைத்தான் செய்தேன் என்று அவள்மேல் கோபம், செய்தேனே என்று என்மேல் கோபம். அறையில் கொசுக்கள் வேறு. ஒன்பது அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் காங்கிரீட் கலக்கும் மெஷின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்டது ஜேசிபி. வெளியே ஓடினேன். பேஸ்மட்டத்தின் ஒரு பக்கச் சுவரை வழிவிட உடைத்திருந்தார்கள். மூன்று டிராக்டர்கள் வரிசையில். சம்பந்தி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்:

"சம்பா நடவுக்கு முன்னாடி வண்டல் அடிச்சாத்தான் அடியில சேரும். அது எனக்கே நேத்து வயல்ல நிக்கிறப்பதான் தோணுச்சு. மண்ண எதுக்கு இங்க வீணாப் பூட்டி வைக்கணும்? பாய்கிட்ட கிராவலுக்குச் சொல்லியாச்சு. நீங்க சும்மாதான நிக்கிறீங்க, லோடு எண்ணுங்க."

அவருக்கே தோன்றியதாம். இருக்கட்டும். நோட்டை எடுத்தேன்.

உச்சி வெயிலுக்குள் முப்பதைத் தாண்டியது. இரண்டு முறை மழை தூறி நின்றது. ஒரு டிராக்டர் வாய்க்கால் மதகில் சாய்ந்து, தூக்கி நிறுத்த ஐம்பது நிமிடம். டிரைவரைத் திட்டினேன், சம்பந்தியும் திட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து திட்டியது அதுதான் முதல் தடவை. சம்பந்தி அம்மா மோர் அனுப்பினாள், இரண்டு டம்ளர், அவருக்கொன்று எனக்கொன்று. உப்பு தூக்கல். ஆனாலும் குடித்தேன்.

மூன்றரை மணிக்கு ஜேசிபி நின்றது. "முடிஞ்சுது சம்பந்தி, எழுதிக்குங்க" என்றார் அவர்.

என் நோட்டில் நாற்பது. ஈசானிய மூலையைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் அப்படியே விட்டிருந்தார்கள். மேலே புதிதாகத் தூவிய மஞ்சள் குங்குமம் தெரிந்தது. ஒரு லோடு இருக்கும். தரையில் ஒரு மூலை மட்டும் ஊதினால் மொத்தத் தரையும் பிளக்கும். எனக்கு மறுபடியும் சூடேறியது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் தேன்மொழி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உடைந்த சுவர் வழியாக உள்ளே இறங்கிவிட்டாள். ஜேசிபிக்கும் குவியலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இது இன்னும் இருக்கு மாமா."

"அது சாமிக்குப் போட்டதும்மா. அதத் தொடக் கூடாது."

"சாமிக்கு ஒரு கூடைதான் போட்டீங்க. கூடையத் தூக்கிக் குடுத்ததே நான்தான். அந்த ஒரு கூடைய நானே அள்ளி வச்சுக்கறேன், கிராவல் போட்டப்பறம் அதே மூலையில போடலாம். மீதி சாமிக்குப் போட்டதில்ல, சும்மா கெடைச்சதுன்னு கொட்டுனது. எடுக்கச் சொல்லுங்க."

டிராக்டர்காரர்கள் மூன்று பேரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். மேஸ்திரியின் பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. சம்பந்தி என்னைப் பார்த்தார், நான் பேசுவேன் என்று. எனக்கு அங்கே வேலை இல்லை. நான் நோட்டைப் பார்த்தேன்.

சம்பந்தி குடைக் கம்பியைத் தரையில் குத்தினார். பிறகு ஜேசிபிக்காரனிடம் சொன்னார்: "வண்டிய எடுப்பா. அந்தப் பொண்ணு கூடைய ரொப்பிக்கட்டும், பொறவு மீதிய அள்ளு."

அவள் கையாலேயே ஒரு கூடை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். இயந்திரத்தின் வாய் இறங்கி, மஞ்சளோடு குங்குமத்தோடு மண்ணை அள்ளி டிராக்டரில் போட்டது. மூலையில் கீழே பழைய தரை தெரிந்தது. டிராக்டர் வயல் பக்கம் திரும்பியது. நான் பேனாவைத் திறப்பதற்குள், கூடையை இறக்காமலே, எல்லார் காதிலும் விழும்படி அவள் சொன்னாள்:

"நாப்பத்தொண்ணு."